டீச்சரின் தாலாட்டும் குறுக்கே வந்த குரலும்

ஏற்காடு,
பங்குனி கடைசி ஞாயிறு

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பார்வையில்லாத நமக்குத் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்கிற ஸ்கிரீன் ரீடரின் குரல் விழாமல், கம்ப்யூட்டரில் ஓடுகிற கச்சேரியின் சத்தத்தை மட்டும் எப்படிப் பதிவு செய்வது என்று கேட்டிருந்தாய். ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் இதே விஷயத்தில் மூன்று மாதம் அல்லாடி, திரும்பக் கிடைக்காத ஒன்றைத் தொலைத்துவிட்டுத்தான் நான் ஒரு வழிக்கு வந்தேன். அதனால் உட்கார்ந்து விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. மழை பெய்து எட்டு ஒன்பது நாளில் காப்பிச் செடியெல்லாம் பூத்துவிட்டது. சரிவு முழுக்க வெள்ளையாக இருக்கிறது என்கிறாள் அம்மா. எனக்குக் காலையில் ஜன்னலைத் திறந்தால் போதும், மல்லிகைப் பந்தலுக்குள் நிற்கிற மாதிரி வாசம் வந்துவிடும். இரண்டு மூன்று நாள்தான், அப்புறம் உதிர்ந்துவிடும். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மாதம் ஒருமுறை சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வருகிறேன். மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் உடம்பு சாய்வதை வைத்தே எண்ணிவிடுவேன் என்று சொல்வேனே, அது இன்னும் தப்பவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் விடுதியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்த டீச்சரை மறந்திருக்க மாட்டாய். இப்போது பெங்களூரில் மகன் வீட்டில் இருக்கிறார். கார்த்திகையிலிருந்து ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு லேப்டாப்பில் அவரோடு பேசுகிறேன். ஒருநாள் பேச்சுவாக்கில், தன் அம்மா வாழப்பாடிப் பக்கத்துக் கிராமத்தில் பாடிய தாலாட்டு ஒன்றைப் பாடினார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாட்டு. விடுதியில் அத்தனை வருஷம் இருந்தோம், நமக்கே அவர் பாடிக் காட்டியதில்லை. குரல் இப்போது மெலிந்துவிட்டது, மேலே போனால் உடைகிறது. இதையெல்லாம் பதிவு செய்து வைக்கட்டுமா என்று கேட்டேன். தாராளமாகச் செய் என்றார்.

அடுத்த ஞாயிறு அடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளைத் திறந்து, கம்ப்யூட்டர் சத்தத்தையே பதிவு செய்கிற மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் நன்றாகப் பாடினார். மூன்றாவது கண்ணியில், தாய்மாமன் கொண்டுவருகிற சீரைச் சொல்லும் இடத்தில், இங்கே கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரிக்கு மாறியதையும் பேட்டரி எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதையும் என் ஸ்கிரீன் ரீடரான என்விடிஏ உடனே சொன்னது. அதன் கடமையை அது செய்தது. ஆனால் அன்று ராத்திரி பதிவைப் போட்டுக் கேட்டபோது, டீச்சரின் குரல் மிகவும் தணிந்து போகிற அந்த இடத்தில், என்விடிஏ பேசுகிற ஈஸ்பீக் என்ற செயற்கைக் குரல் வந்து உட்கார்ந்திருந்தது. ஒரு வரி முழுக்க மூழ்கிப் போய்விட்டது. பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். டிகாஷனில் பால் ஊற்றிய பிறகு எதைப் பிரிப்பது?

விஷயம் தெரிந்த ஒருவரிடம் கேட்டேன். “பதிவு செய்யும்போது பேச்சை நிறுத்தி வைத்துவிடுங்கள், அவ்வளவுதானே” என்றார். பார்வையுள்ளவர்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள், உனக்கும் சொல்லியிருப்பார்கள். நானும் செய்து பார்த்தேன். இன்சர்ட்டோடு எஸ்ஸை அழுத்தி என்விடிஏவின் பேச்சை நிறுத்தினேன், அடாசிட்டியில் பதிவைத் தொடங்க ஆர் எழுத்தைத் தட்டினேன். தட்டுகிற எழுத்து போய்ச் சேர்கிற ஃபோகஸ் வேறு ஜன்னலில் இருந்திருக்கிறது. சொல்வதற்குக் குரல் இல்லை. இருபது நிமிஷம் டீச்சர் பாடி முடித்தார், ஒரு விநாடி கூடப் பதிவாகவில்லை. கையிலிருக்கும் கோலை வாங்கி வைத்துக்கொண்டு, இப்போது இந்த மலைப்பாதையில் நட என்று சொன்னால் எப்படி இருக்கும்? அதே கதைதான் இது. இப்போது ‘கேட்டால் மட்டும் பேசு’ என்று ஒரு நிலையும் என்விடிஏவில் உண்டு, 2024-இல் வந்தது. ஐந்து நிமிஷப் பதிவுக்கு அது பரவாயில்லை. ஒரு மணி நேரத்துக்கு என் வாயை நானே கட்டிக்கொண்டு உட்கார நான் தயாரில்லை, நீயும் ஒத்துக்கொள்ளாதே. நமக்கு வேண்டியது குரலை அடக்குவது அல்ல, அதற்குத் தனிப்பாதை போட்டுக் கொடுப்பது.

எப்படியென்று சொல்கிறேன். ஓடுகிற எல்லா புரோகிராம்களின் சத்தத்தையும் விண்டோஸ் ஒன்றாகக் கலந்துதான் ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. ‘லூப்பேக்’ என்று அடாசிட்டி காட்டுகிறதே, அது இப்படிக் கலந்து முடிந்த ஓடையில் குடத்தை முக்குவது. அதில் டீச்சரும் வருவார், என்விடிஏவும் வரும், மெயில் வந்தால் அடிக்கிற மணியும் வரும். ஆனால் ஒவ்வொரு சவுண்ட் கார்டுக்கும் ஓடை தனித்தனி. என்விடிஏவை வேறு கார்டுக்கு அனுப்பிவிட்டால் இந்தக் குடத்தில் அதன் குரல் விழாது.

அதற்காகச் சேலம் போனபோது விரல் நீளத்தில் ஒரு யுஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கி வந்தேன். சில நூறு ரூபாய்தான். ஒரு முனையில் யுஎஸ்பி, மறுமுனையில் இரண்டு துளைகள், ஒன்று மைக்குக்கு, ஒன்று இயர்போனுக்கு. கையில் வாங்கியதும் தடவிப் பார்த்தேன், இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. இயர்போன் துளையின் ஓரத்தில் நகத்தால் ஒரு கீறல் போட்டு வைத்துக்கொண்டேன். அதைச் செருகிவிட்டு இன்சர்ட், கண்ட்ரோல், யூ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் என்விடிஏவின் ஆடியோ அமைப்பு திறக்கும். அங்கே அவுட்புட் டிவைஸ் என்ற இடத்தில் யுஎஸ்பி கார்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உன்னிடம் பழைய பதிப்பு இருந்தால் இதே தேர்வு, பேசும் குரலைத் தருகிற சிந்தசைசரைத் தேர்ந்தெடுக்கிற பெட்டிக்குள் இருக்கும். அப்புறம் அடாசிட்டியில் ஹோஸ்ட் என்ற தேர்வை விண்டோஸ் வசாபி (WASAPI) என்று மாற்றி, பதிவு செய்யும் கருவியாக லேப்டாப் ஸ்பீக்கரின் பெயருக்குப் பக்கத்தில் லூப்பேக் என்று வருவதைத் தேர்ந்தெடு.

இப்போது என் ஞாயிறு எப்படி நடக்கிறது தெரியுமா? இரண்டு இயர்போன். லேப்டாப்பில் செருகியது இடது காதில், அதில் டீச்சர். யுஎஸ்பி கார்டில் செருகியது வலது காதில், அதில் என்விடிஏ. டீச்சர் பாடப் பாட, பதிவு எத்தனை நிமிஷம் ஓடியிருக்கிறது, நெட் இருக்கிறதா, பேட்டரி எவ்வளவு என்று எல்லாவற்றையும் வலது காதில் கேட்டுக்கொள்கிறேன். பதிவில் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. முதல் தடவை அதைப் போட்டுக் கேட்டபோது அழுதுவிட்டேன் மீனா. பாட்டுக்கு நடுவில் அவர் மூச்சு வாங்குவதும், பின்னால் பேரன் நடக்கிற காலடியும் கூட அப்படியே கேட்டன.

ஒன்று கவனித்துக்கொள். லூப்பேக்கில் எதிர்முனைக் குரல் மட்டும்தான் விழும், உன் மைக்கில் போகிற உன் குரல் விழாது. என் முதல் பதிவுகளில் டீச்சர் யாரும் கேட்காத கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போது என் பக்கத்தில் போனையும் பதிவு செய்ய வைத்துவிடுகிறேன், பிறகு இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். இன்னொன்று, என்விடிஏ பேசும்போது மற்ற சத்தங்களைத் தணிக்கிற ஏற்பாடு ஒன்று இருக்கிறது. இன்சர்ட், ஷிஃப்ட், டி (D) அழுத்தி அதையும் நிறுத்திவிடு.

கார்டு கையில் இல்லாத நாளுக்கும் ஒரு வழி கிடைத்தது, அதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். 2024-இல் வந்த ஒரு பதிப்பிலிருந்து என்விடிஏ தன் குரலை ஒரு காதுக்கும் மற்ற புரோகிராம்களின் சத்தத்தை இன்னொரு காதுக்கும் பிரித்து அனுப்புகிறது. இன்சர்ட், ஆல்ட், எஸ். பதிவை ஸ்டீரியோவில் எடுத்தால் இடது வலது இரண்டும் தனித்தனி வாய்க்காலாகவே விழும். பிறகு அடாசிட்டியில் ஸ்டீரியோ டிராக்கை இரண்டு மோனோவாகப் பிரித்து, என்விடிஏ இருக்கிற பக்கத்தை அழித்துவிடலாம். கரண்ட் போன அந்த ஞாயிறு இது எனக்குத் தெரிந்திருந்தால் அந்த வரி தப்பித்திருக்கும். 2006-இல் ஆஸ்திரேலியாவில் இந்த மென்பொருளைத் தொடங்கிய மைக்கேல் கரனும், அவரோடு சேர்ந்துகொண்ட ஜேம்ஸ் டேவும் நம்மைப் போலவே பார்வையில்லாதவர்கள். நமக்கு எங்கே இடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? அதையும் காசு வாங்காமல் கொடுக்கிறார்கள்.

ஆனால் உனக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். நீ கேட்பது கச்சேரி. டீச்சரின் பேச்சு ஒற்றைக் குரல், ஒரு பக்கத்தை வெட்டினாலும் நஷ்டமில்லை. கச்சேரியில் ஒரு பக்கத்தை வெட்டினால், வயலின் ஒருபுறமும் மிருதங்கம் ஒருபுறமும் உட்கார்ந்திருக்கிற அந்த இட உணர்வே போய்விடும். யுஎஸ்பி கார்டு வாங்கு. அது இப்போதைக்கு முடியாது என்றால் ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருள். 2022-இல் வந்த 28-ஆம் பதிப்பிலிருந்து அதில் ஒரு குறிப்பிட்ட புரோகிராமின் சத்தத்தை மட்டும் பிடிக்கிற வசதி இருக்கிறது. விண்டோஸ் 10-இல் 2004 என்ற எண்ணுள்ள பதிப்போ (அது வருஷம் இல்லை) அதற்குப் பிந்தையதோ வேண்டும். கச்சேரி ஓடுகிற பிரௌசரை மட்டும் காட்டிக் கொடுத்தால் போதும், வேறு டேப்பில் எதையும் ஓடவிடாதே. ஒரு இடத்தில்தான் ஏமாறுவாய். டெஸ்க்டாப் ஆடியோ என்று ஒன்று தானாகவே போடப்பட்டிருக்கும். அமைப்புக்குள் போய் அதை நிறுத்தாவிட்டால் அந்த வழியாக என்விடிஏ மறுபடி உள்ளே வந்துவிடும். ஓபிஎஸ்ஸைக் கீபோர்டிலேயே ஓட்டலாம், ஆனால் முதல் தடவை அமைக்க எனக்கு அரைநாள் பிடித்தது.

விர்ச்சுவல் கேபிள் என்று ஒன்றையும் யாராவது சொல்வார்கள். இல்லாத ஒரு சவுண்ட் கார்டை இருப்பதாக விண்டோஸுக்குக் காட்டுகிற மென்பொருள். நல்லதுதான், ஆனால் ஒரு எச்சரிக்கை. அதை டீஃபால்ட் கருவியாக வைத்துவிட்டால், டீஃபால்ட்டையே நம்பியிருக்கிற என்விடிஏவின் குரலும் அந்தக் கேபிளுக்குள் போய்விடும், உனக்குக் கம்ப்யூட்டர் ஊமையாகிவிடும். வீட்டில் பார்வையுள்ளவர் யாரும் இல்லாத நேரத்தில் அப்படி ஆனால் என்ன பாடு என்று உனக்கே தெரியும். முதலில் என்விடிஏவுக்கு ஒரு கருவியைப் பெயர் சொல்லி நிர்ணயித்துவிட்டு, பிறகு மற்றதில் கை வை.

போன மாதம் சேலத்திலிருந்து திரும்பும்போது, மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவைத் தாண்டுகிறோம் என்று அம்மா சொன்னாள். 1935-இல் டி. ஆர். சுந்தரம் தொடங்கிய சினிமா ஸ்டுடியோ, இப்போது அந்த வளைவுதான் மிச்சம். பேசும் படம் வந்த புதிதில் படப்பிடிப்பிலேயே நடிகர்கள் பாட, பக்கவாத்தியத்தையும் அங்கேயே வாசித்து ஒரே சமயத்தில் பதிவு செய்வார்கள். நடுவில் யாராவது இருமிவிட்டால் அந்தப் பாட்டு என்ன ஆகும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

டீச்சர் அந்தத் தாலாட்டை மறுபடி பாடிக் கொடுத்தார். முதல் தடவை போல இல்லை, ஒரு கண்ணியை மறந்துவிட்டார். இந்தக் கடிதத்தோடு அந்தப் பதிவையும் அனுப்புகிறேன். ஸ்லேட்டில் குத்திக் குத்தி எழுதித் தபால்தலை ஒட்டாமல் அனுப்பிய பிரெயில் கடிதத்தில் இதைச் சேர்த்திருக்க முடியாது, இந்த ஒரு விஷயத்தில் மெயில்தான் உசத்தி.

மூன்றாவது கண்ணியைக் கவனமாகக் கேள். மாமன் சீர் வருகிற இடம். அங்கே அவர் “கடலை” என்கிறாரா, “கதலி” என்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. டீச்சரைக் கேட்டால், “எங்கம்மா பாடினதைப் பாடறேன்டி, எனக்கும் தெரியாது” என்கிறார். நம் இருவரில் உனக்குத்தான் காது கூர்மை. நல்ல இயர்போனில் கேட்டு, ஞாயிறு நாலு மணிக்குள் எழுது.

அன்புடன்,
வசந்தா