தஞ்சாவூர்க் கட்டாரி: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மணி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் வைத்தாயிற்றா? தங்கச்சிக்கு மூட்டுவலி தேவலை என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம்.

எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்தில் தஞ்சாவூர் அரண்மனையின் கட்டாரி என்னும் குத்துவாள்களைப் பார்த்தேன். லேத்துப் பட்டறையிலேயே வாழ்ந்த உனக்குத்தான் அதை முதலில் எழுதத் தோன்றியது.

கட்டாரிக்குப் பிடி குறுக்கே இருக்கும். இரண்டு குறுக்குக் கம்பிகளை உள்ளங்கைக்குள் அடக்கி, முஷ்டியால் குத்துவதுபோல் குத்த வேண்டும். பக்கவாட்டுப் பட்டைகள் இரண்டும் கையோடு ஒட்டி நிற்பதால் மணிக்கட்டு பிசகாது. தோளின் பலம் அப்படியே நுனிக்குப் போகும். தஞ்சாவூர்க் கட்டாரிகளில், விரல்களைக் காக்கப் பாய்மரம் புடைத்தாற்போல ஒரு வளைந்த தகடும் உண்டு. பிடியில் இரும்பைத் துளைத்தும் அராவியும் யாளிகள், கொடிக்கருக்கு. கோயில் தூணில் ஆள் உயரத்துக்குப் பார்த்த யாளியை விரல் நீள இரும்பில் பார்க்கும்போது மெய் சிலிர்க்கிறது, மணி. வடநாட்டுக் கட்டாரிகளின் தங்க வேலை அழகுதான். ஆனாலும் எனக்கு இந்த வெறும் இரும்புதான் உசத்தி.

அதிக நேரம் நின்றது பிடியும் அலகும் சேரும் இடத்தில். தஞ்சாவூர்க் கட்டாரிகள் பலவற்றின் அலகு ஐரோப்பிய வாளிலிருந்து வந்தது. கப்பலேறி வந்த வாளை நம்மூர்க் கொல்லர் வெட்டிக் குறுக்கி, பிடியிலிருந்து இறங்கும் தகடுகளுக்கு நடுவே செருகி ரிவிட் அடித்திருக்கிறார். எவன் அடித்த எஃகோ, தன் யாளிக்குக் கீழே கச்சிதமாகப் பொருத்திவிட்டார். அந்தத் துணிச்சலை நினைத்து நினைத்து வியக்கிறேன்.

மனம் ஆறாத சேதியும் ஒன்று உண்டு. 1855இல் தஞ்சாவூரின் மராத்திய மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும், கிழக்கிந்தியக் கும்பினியார் தஞ்சாவூரை எடுத்துக்கொண்டார்கள். பிறகு வெள்ளைக்கார அரசாங்கத்தார் ஆயுதசாலையையும் கலைத்தார்கள். சிறந்தவற்றை அருங்காட்சியகத்துக்கென்று பொறுக்கி வைத்துவிட்டு, மற்றதை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். நாயக்கர் காலத்துக் கைவேலையும் அந்தக் குவியலில் போயிருக்கிறது. உடைத்து விற்ற கட்டாரிகளில் என்னென்ன உருவம் இருந்ததோ என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

கண் பரிசோதனைக்குச் சென்னை வருவதாக எழுதியிருந்தாயே, ஒரு நாள் கூடுதலாகத் தங்குகிற மாதிரி வா. வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை, அதைத் தவிர்த்துவிடு. அந்த ரிவிட்டுகளைக் காய்ச்சி அடித்தார்களா, குளிரவே அடித்தார்களா என்று நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்