சேர்ந்ததாகக் கருதப்படும்

கோபன்ஹேகன்
21.12.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பது தெரியும். இன்று காலையில்தானே வீடியோவில் பார்த்தேன். அம்மா கேமராவை மோட்டுவளைப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசினாள். பிறகு எதற்குக் கடிதம் என்று நீங்கள் கேட்பீர்கள்.

இன்னும் ஒன்பது நாளில், டிசம்பர் 30ஆம் தேதியோடு, டென்மார்க்கின் தபால் நிறுவனமான போஸ்ட்நோர்ட் வீடுகளுக்குக் கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பதை நிறுத்துகிறது. பார்சல் மட்டும்தான் இனி. பொறையாரிலிருந்து சந்திரபாடி வரை முப்பத்தைந்து வருடம் சைக்கிளில் தபால் பை சுமந்தவரின் மகள், அதற்குள் ஒரு கடிதமாவது போட்டுவிட வேண்டாமா? அதுதான் காரணம்.

உங்களுக்குப் பிடிக்கிற மாதிரி ஒரு செய்தி சொல்கிறேன். இங்கே தபாலைத் தொடங்கி வைத்தது நான்காம் கிறிஸ்டியன் என்கிற ராஜா, 1624 டிசம்பரில். அதற்கு நான்கு வருடம் முன்னால் நம் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்ட ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டதும் அதே ராஜாவின் பெயரில்தான். நாயக்கர் அவருக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இங்குள்ள ஆவணக் காப்பகத்தில் இன்னும் இருக்கிறது. அந்தக் காலத்தில் இங்கிருந்து நம் ஊருக்குக் கப்பல் வந்து சேர ஏழெட்டு மாதம். சீகன்பால்கு பாதிரியார் 1705 நவம்பரில் ஏறி 1706 ஜூலையில் இறங்கினார். அப்படியும் கடிதம் போனது, வந்தது. தபால் தொடங்கி 401 வருடம் கழித்து, ஒரு நொடியில் எல்லாம் போய்ச் சேர்கிற காலத்தில், தபால்காரர் நின்றுபோகிறார்.

யாரையும் குறை சொல்வதற்கில்லை. 2000ஆம் ஆண்டில் இந்தச் சின்ன நாட்டில் 140 கோடிக்கும் மேல் கடிதங்கள் போயிருக்கின்றன. போன வருடம் 11 கோடிதான். உள்நாட்டுக் கடிதம் ஒன்றுக்கு 29 குரோனர், நம் பணத்தில் நானூறு ரூபாய்க்குக் கிட்ட. யார் போடுவார்கள்? ஜூன் மாதத்திலிருந்து தெருவில் இருந்த 1,500 சிவப்புத் தபால் பெட்டிகளைக் கழற்ற ஆரம்பித்தார்கள். அவற்றில் ஆயிரத்தை இந்த மாதம் தர்ம காரியத்துக்காக விற்பனைக்கு விட்டார்கள். நல்ல நிலையில் இருந்தது 2,000 குரோனர். மூன்று மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்துவிட்டது. கடிதம் போட ஆள் இல்லாத ஊரில் பெட்டியை வாங்கித் தோட்டத்தில் வைத்துக்கொள்ள அவ்வளவு பேர். எனக்குச் சிரிப்பு வந்தது. உங்கள் மாப்பிள்ளையும் ஒன்று வாங்கப் பார்த்தார் என்பதைச் சொல்லவில்லை என்றால் பாவம் சேரும்.

அரசாங்கக் கடிதங்கள் காகிதத்தில் வருவது எப்போதோ நின்றுவிட்டது. 2014 நவம்பரிலிருந்து பதினைந்து வயது நிறைந்த எல்லோருக்கும் கணினியில் ஒரு தபால் பெட்டி கட்டாயம். விலக்குக் கேட்டு வாங்கியவர்களுக்கு மட்டும் காகிதம். வரி, ஆஸ்பத்திரி, பள்ளி, நகராட்சி என்று எல்லாம் அந்தப் பெட்டியில் வந்து விழும். திறப்பதற்கு அலைபேசியில் மித்ஐடி என்கிற ஒரு சாவி. இவை எல்லாவற்றுக்கும் அடியில் பத்து இலக்க எண் ஒன்று. 1968இலேயே இந்த ஏற்பாட்டைத் தொடங்கிவிட்டார்கள், நம் ஆதாருக்குப் பெரியப்பா. நாங்கள் வந்த புதிதில் அந்த எண் கிடைக்கும் வரை வங்கிக் கணக்கு இல்லை, டாக்டர் இல்லை. கிடைத்த பிறகு, ராஜபோகம் என்றுதான் சொல்ல வேண்டும். வீடு மாறினோம், முகவரி மாற்ற ஐந்து நிமிடம் ஆனது. வரிக் கணக்கை அவர்களே போட்டு மார்ச்சில் நீட்டுகிறார்கள். சரியா என்று பார்த்தால் போதும். எந்த அலுவலகத்திலும் நான் வரிசையில் நின்றதில்லை. ஜெராக்ஸ் எடுத்து கெஜடட் ஆபீசரைத் தேடி அலைந்த பிறவிதானே நான். இதன் அருமை எனக்குத் தெரியும்.

ஆனால் ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. முதல் வருடம் வாடகை சம்பந்தமாக ஓர் அலுவலகம் ஏதோ ஆவணம் கேட்டு அந்தப் பெட்டியில் எழுதியிருந்தது. டேனிஷ் மொழியில். நான் மூன்று வாரம் பார்க்கவே இல்லை. அபராதத்தோடு இரண்டாவது கடிதம் வந்தபோதுதான் பதறிப்போய்ப் பேசினேன். அங்கே இருந்தவர் மிக மரியாதையாக, "நான்காம் தேதியே உங்களிடம் சேர்ந்துவிட்டதே" என்றார். நான் பார்க்கவில்லை என்றேன். "ஆனால் சேர்ந்துவிட்டது" என்றார். சட்டமே அப்படித்தானாம். பெட்டிக்குள் விழுந்தாலே சேர்ந்ததாகக் கருதப்படும். திறந்தோமா, படித்தோமா, புரிந்ததா என்பது நம் பாடு.

அன்று இரவு உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். வீடு பூட்டியிருந்தால் உறையில் அதை எழுதி, திரும்பக் கொண்டுவந்து, மறுநாள் மறுபடியும் எடுத்துக்கொண்டு போவீர்கள். ரிஜிஸ்தர் தபால் என்றால் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி, ஒப்புகை அட்டை திரும்பிப் போனால்தான் உங்களுக்குச் சாப்பாடு இறங்கும். கடிதம் சேரவில்லை என்றால் அது உங்கள் குறை. வாங்குகிறவரின் குறை இல்லை. நடந்து போகிற பாரம் அனுப்புகிறவர் பக்கம் இருந்தது. இப்போது அது சத்தமில்லாமல் நம் பக்கம் மாறிவிட்டது, அப்பா. அங்கேயும்தான். இந்த வருடம் ரிஜிஸ்தர் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள் என்று நீங்கள் இரண்டு நாள் யாரிடமும் பேசாமல் இருந்ததாக அம்மா சொன்னாள்.

கீழ்வீட்டுப் பாட்டியைப் பற்றி வீடியோவில் சொல்ல முடியாமல் போய்க்கொண்டே இருக்கிறது. எண்பத்து நான்கு வயது. பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர். கண் பார்வை நடுவில் மறைத்துக்கொண்டே வருகிறது. ஓரத்தில் மட்டும் தெரியும். டிஜிட்டல் பெட்டி வேண்டாம் என்று விலக்குக் கேட்கலாம், கொடுப்பார்கள். கேட்க மாட்டேன் என்கிறார். "நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தவள், எனக்குப் படிக்க முடியாது என்று நானே எழுதிக் கொடுப்பதா?" மகன் யூட்லாந்தில் இருக்கிறார், முந்நூறு கிலோமீட்டர் தள்ளி. அம்மாவின் பெட்டியைப் படிக்கிற அனுமதியை முறைப்படி வாங்கி வைத்திருக்கிறார். நல்ல பிள்ளை, எது வந்தாலும் அன்றைக்கே போன் செய்து, "அம்மா, பயப்படாதே, உனக்கு இன்ன கடிதம் வந்திருக்கிறது" என்று சொல்லிவிடுவார்.

பாட்டிக்கு அதுதான் ஆகவில்லை. "எனக்கு வந்த கடிதத்தை எனக்கு முன்னால் அவன் படித்துவிடுகிறான்."

அதனால் வெள்ளிக்கிழமை மாலை நான் கீழே போகிறேன். பாட்டி காபி போட்டு, இலவங்கப்பட்டை ரொட்டி எடுத்து வைத்து, டேப்லெட்டைத் தானே திறந்து என் பக்கம் தள்ளுவார். ரகசிய எண்ணை அடிக்கும்போது நான் ஜன்னலைப் பார்க்க வேண்டும். அதில் மட்டும் கண்டிப்பு. பிறகு நான் வாசிப்பேன். என் டேனிஷ் உங்களுக்குத் தெரியாது, அது ஒரு கொடுமை. எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று. பாதி எழுத்துகளைத் தொண்டைக்குள்ளேயே விழுங்க வேண்டும். நான் எழுத்துக் கூட்டிப் படிக்க, பாட்டி கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு சொல்லையும் திருத்துவார். படிக்கத் தெரிந்தவருக்குப் பார்வை இல்லை, பார்வை உள்ளவளுக்குப் படிக்கத் தெரியவில்லை. நகராட்சியின் குப்பை வண்டி நேர மாற்ற அறிவிப்பை முடிக்க எங்களுக்கு இருபது நிமிடம் ஆகும்.

சந்திரபாடியில் அந்த அம்மாளுக்கு நீங்கள் கடிதம் படித்துக் காட்டியது நினைவிருக்கிறதா? சைக்கிள் முன்கம்பியில் நான் உட்கார்ந்திருந்தேன். சிங்கப்பூரிலிருந்து மகன் எழுதியது. இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியைத் தாண்டிவிட்டு, "மற்றபடி சுகம்" என்று முடித்தீர்கள். திரும்பி வரும்போது கேட்டதற்கு, "எல்லா வரியையும் படிக்கக் கூடாது" என்றீர்கள். அது சரியா தப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அந்த அம்மாள் தாளை வாங்கி, நீங்கள் தாண்டிய இடத்தையே தடவிக்கொண்டிருந்ததாக எனக்கு ஞாபகம்.

போன மாதம் எனக்கும் அப்படி ஒரு வரி வந்தது. ஆஸ்பத்திரிக் கடிதம். ஸ்கேனில் எதையோ பார்த்திருக்கிறார்கள், மேற்கொண்டு சோதிக்க வரச் சொல்லியிருந்தார்கள். அந்தச் சொல்லின் அர்த்தம் எனக்குத் தெரிந்திருந்தது, வாய் நின்றுவிட்டது. உங்களைப் போலத் தாண்டியிருப்பேன். ஆனால் அது ஏற்கெனவே சேர்ந்ததாகக் கருதப்பட்டுவிட்ட கடிதம். நான் தாண்டினால் தேதி தாண்டாது. பாட்டி கண்ணைத் திறக்காமலே, "நிறுத்திய இடத்திலிருந்து படி" என்றார். படித்தேன். ஒரு சொல்லைத் தப்பாக உச்சரித்தேன் என்று அதையும் திருத்தினார். இன்னும் முடிவு வரவில்லை. ஜனவரி முதல் வாரம் நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

உங்கள் பேரன் செய்தி வேறு மாதிரி. காலையில் பள்ளிக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் போனை ஓர் அலமாரியில் ஒப்படைக்க வேண்டும். அதற்கு இங்கே 'மொபைல் ஹோட்டல்' என்று பெயர். எல்லாப் பள்ளிகளிலும் போனைத் தடை செய்யச் சட்டம் வரப்போகிறது. சமூக ஊடகங்களுக்குப் பதினைந்து வயது எல்லை வைப்பதாக நவம்பரில் கட்சிகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. பெற்றோர் சம்மதித்தால் பதின்மூன்று. நம் ஆள் பதினொன்று, கோபத்தில் இருக்கிறான். பாட்டி அலைபேசி இல்லாமல் வாழக் கூடாது, பேரன் அலைபேசியோடு வாழக் கூடாது என்கிற நாடு இது. இரண்டையும் ஒரே அரசாங்கம் சொல்கிறது. பிள்ளைகள் விஷயத்தில் நான் அரசாங்கத்தின் கட்சி. இடைவேளையில் பந்து விளையாடுகிற சத்தம் பள்ளித் தெரு வரை கேட்கிறது.

அம்மாவின் விரல் ரேகை ரேஷன் கடைக் கருவியில் பதியவில்லை என்று போன மாதம் இரண்டு முறை திரும்பி வந்தாளாமே. பாத்திரம் தேய்த்துத் தேய்த்துப் போன ரேகை. அடுத்த முறை நீங்கள் கூடப் போங்கள். போய் நின்றால் ஏதாவது வழி சொல்வார்கள். பெரியப்பாவிடமும் சொல்லுங்கள்: போலீஸ் உடையில் வீடியோவில் வந்து "டிஜிட்டல் கைது" என்று யார் மிரட்டினாலும் வைத்துவிட வேண்டியதுதான். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. போன முறை நீங்கள் பக்கத்தில் இருந்ததால் பணம் தப்பியது.

இந்தக் கடிதத்தை நாளை சூப்பர் மார்க்கெட்டுக்குள் இருக்கும் பார்சல் கவுண்டரில் கொடுக்கப் போகிறேன். உறையில் தபால்தலை இல்லை என்று திடுக்கிட வேண்டாம். இங்கே கணினியில் பணம் கட்டினால் ஒரு குறியீடு தருவார்கள். அதைப் பேனாவால் உறையின் மூலையில் எழுதினால் போதும். நீங்கள் பார்த்தால் தண்டக் கட்டணம் போட்டிருப்பீர்கள்.

ஜனவரியிலிருந்து கடிதங்களை வேறொரு தனியார் நிறுவனம் கொண்டுவருமாம். அதனால் இது கிடைத்ததும் வாட்ஸ்அப்பில் படம் எடுத்துப் போட்டுவிடாதீர்கள். என்றைக்குக் கைக்கு வந்தது, உறை எந்த நிலையில் இருந்தது, யார் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று ஒரு தாளில் எழுதித் தபாலில் போடுங்கள். நான்காவது மாடி, இடது பக்கக் கதவு. அதை யார் மாடியேறிக் கொண்டுவருகிறார்கள் என்று நான் பார்க்க வேண்டும்.

அம்மாவுக்கு முத்தம். கீழ்வீட்டுப் பாட்டி உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு
உங்கள் அன்பு மகள்