எட்டாம் நம்பர் வீட்டு மர்மம்: நாவல் எழுதும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய அத்தியாயங்களைப் படித்து முடித்தேன். நாகர்கோவில் வடசேரியில் பழைய அப்பார்ட்மெண்ட், தளத்துக்கு நான்காக மூன்று தளத்தில் பன்னிரண்டு வீடு, லிப்ட் கிடையாது. முதல் மாடிக் கோடியில், சொந்தக்காரர் துபாயில் இருப்பதால் பூட்டியே கிடக்கும் எட்டாம் நம்பர். ராத்திரி சுவருக்குள் 'டம்' என்று ஒரு சத்தம். களம் நல்ல களம்தான். ஆனால் இந்தக் கதையை அப்படியே தூக்கி ஒழுகினசேரியில் ஒரு தனி வீட்டில் வைத்தாலும் ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்காது. அப்புறம் அப்பார்ட்மெண்ட் எதற்கு?

நம்மூரில் காம்பவுண்டு கட்டிய தனி வீடுதான் வழக்கம். அதற்குள் எதையும் மறைக்கலாம். அப்பார்ட்மெண்டில் தண்ணீர், கரண்ட், கழிவுக் குழாய், நிலத்தின் பத்திரம் எல்லாமே பொது. ஒரு வீட்டு ரகசியம் இவற்றில் ஏதாவது ஒன்றின் வழியாக அடுத்த வீட்டுக்குக் கசிந்தே தீரும். உன் துப்பு அங்கேயிருந்து வரட்டும். மாடிப்படியில் தெரியும் நிழலையும் தானாக ஆடும் ஊஞ்சலையும் எடுத்துவிடு.

முதலில் அந்த 'டம்'. மோட்டாரை நிறுத்தும் கணத்தில், மேல்தொட்டிக்கு ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் பின்வாங்கி, அதைத் திரும்பிப் போகவிடாத நான்-ரிட்டர்ன் வால்வை அறையும். அந்த அதிர்ச்சி குழாய் வழியே எல்லா மாடிக்கும் கேட்கும். மூன்றாம் அத்தியாயத்திலேயே பிளம்பர் ஒருவரை வரவழைத்து இதைச் சொல்லவைத்துவிடு. மர்மம் போய்விடுமே என்று பதறாதே, அந்தச் சத்தம் பிறகு வேறு வேலைக்கு வேண்டும்.

அடுத்தது மீட்டர் பலகை. பன்னிரண்டு வீட்டுக்குப் பன்னிரண்டு, மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் பொதுவில் ஒன்று, ஆகப் பதின்மூன்று மீட்டர். பூட்டிய வீட்டின் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒருவரும் கவனிக்கவில்லை. இது நடக்குமா? தாராளமாக நடக்கும். 2016 மே முதல் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். பழைய ஒற்றைக் கதவு பிரிட்ஜ் நாளுக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும், இரண்டு மாதத்துக்கு 60. ஒன்பது வாட் எல்இடி பல்பு அணையாமல் எரிந்தாலும் 13 யூனிட்தான். இரண்டும் சேர்ந்து 73. ரீடிங் எடுக்க வருபவர் அட்டையில் எழுதிவிட்டுப் போவார். கட்டவேண்டிய பணம் ஒன்றுமில்லை, பாக்கியும் இல்லை, பீஸைப் பிடுங்க யாரும் வரப்போவதும் இல்லை. உன் கதாநாயகி அந்த அட்டையைப் பார்க்கட்டும்: 72, 74, 73, 75. ஆள் குடியிருக்கும் வீட்டில் எண் இப்படி நிற்காது. விருந்தாள் வருவார்கள், கிரைண்டர் ஓடும், ஊருக்குப் போவார்கள். ஒரே சீராக ஓடினால் உள்ளே இருப்பது ஆள் அல்ல, பொருள்.

இப்போது கதையை 2017-இல் வை. நவம்பர் 30, ஒக்கிப் புயல். மரமும் மின்கம்பமும் சாய்ந்து மாவட்டம் பல நாள் இருட்டில் கிடந்தது இங்குள்ள எல்லோருக்கும் நினைவிருக்கும், நீ வர்ணிக்கவே வேண்டாம். கரண்ட் போனால் கதவைத் திறக்காத பிரிட்ஜின் கீழ்த்தட்டு நான்கைந்து மணி நேரம் குளிர்ச்சியைப் பிடித்துவைக்கும். அந்தக் காலத்துச் சின்ன ப்ரீசர் ஒரு நாள் தாங்கினாலே பெரிது. மூன்றாம் நாள் எட்டாம் நம்பர் வாசலில் நாற்றம் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை என்றால், உள்ளே இருந்ததை யாரோ எடுத்துவிட்டார்கள். ரோடெல்லாம் மரம், பஸ் இல்லை. ஆகவே எடுத்தவர் வெளியிலிருந்து வந்தவர் அல்ல, பன்னிரண்டு வீட்டுக்குள் ஒருவர். பழைய 'டம்'மை இங்கே கொண்டுவா. புயல் ராத்திரி, கரண்ட் இல்லை, மோட்டார் ஓட வழியே இல்லை, அதே சத்தம் கேட்கிறது. மூன்றாம் அத்தியாயத்தில் பிளம்பர் சொன்னதை நம்பிய வாசகருக்கு அப்போதுதான் வயிற்றைக் கலக்கும்.

வீட்டைத் திறக்கும் காட்சியில் தூசியை ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறாய். இரண்டு வரி போதும். அதைவிட பாத்ரூம் தரையில் இருக்கும் டிராப்பைப் பார். அதற்குள் இரண்டு அங்குலம் தண்ணீர் நின்றுதான் சாக்கடை வாடையையும் கரப்பானையும் தடுக்கிறது. புழங்காத வீட்டில் சில வாரங்களிலோ மாதங்களிலோ அந்தத் தண்ணீர் வற்றிவிடும். வருஷக்கணக்கில் பூட்டிய வீட்டில் வாடையே இல்லை, டிராப்பில் தண்ணீர் பளபளக்கிறது என்றால் அடிக்கடி யாரோ வந்துபோகிறார்கள். ஆனால் வீட்டுக்கு வரும் தண்ணீரை அடைக்கும் கேட் வால்வ் மூடித் துருப்பிடித்திருப்பதை முன்னாலேயே காட்டிவிடு. இல்லாவிட்டால் குழாய் கசிந்திருக்கும் என்று சொல்லி வாசகர் நழுவிவிடுவார்.

ரகசிய அறை. இதை நீ கதாநாயகியின் உள்ளுணர்வில் விட்டிருக்கிறாய், டேப்பை எடுத்து அளக்கச் சொல். அறைகள் 12, 10, 11 அடி, கூட்டினால் 33. இரண்டு கோடிச் சுவரும் ஒன்பது அங்குலம், நடுச்சுவர் இரண்டும் நாலரை அங்குலம், சேர்ந்து இரண்டடி மூன்று அங்குலம். பூச்சு உள்ளே அரை அங்குலம், வெளியே முக்கால் அங்குலம் என்று எல்லா முகத்தையும் சேர்த்தால் நாலரை அங்குலம். மொத்தம் 35 அடி ஏழரை அங்குலம். வெளியே அளந்தால் 39 அடி. காணாமல் போன 3 அடி நாலரை அங்குலத்தில் மறைப்புச் சுவரைக் கழித்தால் ஏறக்குறைய மூன்றடி மிஞ்சும். ஆள் நிற்கலாம், கட்டில் போட முடியாது. கீழே நாலாம் நம்பரும் இதே அச்சு என்பதால் அதையும் அளந்து ஒப்பிடலாம். பூச்சுக் கனத்தை விட்டுவிடாதே, இன்ஜினியர் வாசகர்கள் அதைத்தான் முதலில் பிடிப்பார்கள்.

அந்தச் சுவரை ஒரே ராத்திரியில் எழுப்பியதாக எழுதியிருக்கிறாய். பத்தடிக்குப் பத்தடி நாலரை அங்குலச் சுவருக்கு 450 செங்கல் வேண்டும். கல் ஒன்று மூன்று கிலோ என்றாலும் ஆயிரத்து முந்நூறு கிலோவுக்கு மேல். லிப்ட் இல்லாத கட்டடத்தில் பதினோரு வீட்டுக்காரரும் பார்க்காமல் அதை மாடியேற்ற முடியாது. ஆகவே எல்லோரும் பார்க்கட்டும். 'பாத்ரூம் மராமத்து' என்று சொல்லி நாலைந்து நாள் வேலை நடந்ததைப் பக்கத்து வீட்டு அக்கா சாதாரணமாக நினைவுகூரட்டும்.

சுவரை உடைக்கும்போது உன் கதையிலேயே பெரிய துப்பு கிடைக்கும், நீ அதைத் தொடவே இல்லை. கொத்தனார் எந்தப் பக்கம் நின்று கட்டினாரோ அந்தப் பக்கம் இணைப்பைக் கரண்டியால் வழித்துவிடுவார். எதிர்ப்பக்கம் பிதுங்கிய கலவை வழிக்கப்படாமல் அப்படியே இறுகித் தொங்கும். உடைத்துப் பார்த்தால் பூச்சின் அடியில், அறைப் பக்கம் கலவை கொத்துக் கொத்தாக இறுகியிருக்கிறது, மறைவான பக்கம் இணைப்பெல்லாம் சுத்தமாக வழித்திருக்கிறது. அதாவது கட்டியவர் உள்ளே நின்றிருக்கிறார். எப்படி வெளியே போனார்? குழாய் டக்ட் வழியாக, அதாவது எல்லா மாடிக் குழாயும் இறங்கும் குறுகலான சந்து வழியாக. அந்த டக்ட் வேறு எந்த வீட்டுப் பாத்ரூமில் திறக்கிறது? உன் கொலைகாரரின் கதவு எண் அங்கே இருக்கிறது.

பூச்சு மணலும் பேசும். ஒரு லோடு ஆற்று மணல் இறக்கினால் கேள்வி வரும் என்று சாக்கில் கடற்கரை மணல் கொண்டுவந்திருந்தால், அந்த ஒரு சுவரில் மட்டும் ஜூன் மழைக்கும் ஐப்பசி மழைக்கும் உப்புப் பூத்து பெயிண்ட் உரியும். மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணலானால் கரும்பொடி கலந்திருக்கும், அதில் இரும்பு கலந்த இல்மனைட் என்ற கனிமம் உண்டு. சாதாரணக் காந்தத்தை நம்பாதே. பழைய ஹார்டு டிஸ்க்கைப் பிரித்தெடுத்த நியோடிமியம் காந்தம் அந்தப் பொடியை இழுக்கும். ஆனால் சுவருக்குள் பிணம் மட்டும் வேண்டாம், தம்பி. நாலரை அங்குலச் சுவர் வாடையை அடைக்காது. அதோடு, அட்டையைப் பார்த்ததுமே வாசகர் அதைத்தான் எதிர்பார்ப்பார்.

தாள்களில் சில திருத்தம். கதை 2017-இல் நடந்தால் 'மாநகராட்சித் தண்ணீர்' என்று எழுதாதே. நாகர்கோவில் மாநகராட்சி ஆனது 2019-இல், அதுவரை நகராட்சி. முக்கடல் அணைத் தண்ணீர் என்று எழுதினால் ஊரும் வந்துவிடும். சந்தேக மரணத்தை விசாரிக்க இன்ஸ்பெக்டர் சொல்லும் 194-ஆம் பிரிவு 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் உள்ளது. 2017-க்குப் பழைய சட்டத்தின் 174. பிரேதப் பரிசோதனையைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோகாதே, ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. வில்லங்கச் சான்றில் உயில் வரவில்லை என்று வக்கீல் அதிர்ச்சியடைவது சிரிப்பாக இருக்கிறது. உயிலைப் பதிவுசெய்யக் கட்டாயமே இல்லை, அது வக்கீலுக்குத் தெரியும். நிலத்தின் பழைய உரிமையாளர் 1969-இல் எழுதியதாக வரும் கடிதத்தில் முகவரியோடு 629001 என்று போட்டிருக்கிறாய். பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15-இல். தெரியாமல் எழுதியிருந்தால் அடித்துவிடு. ஆனால் நானாக இருந்தால் அப்படியே விட்டு, தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆறாம் நம்பர் பாட்டாவைக் கொண்டு அந்தக் கடிதம் போலி என்று கண்டுபிடிக்கவைப்பேன். இப்போது அவர் சும்மா பேப்பர் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

இத்தனையையும் ஒரே நாவலில் கொட்டாதே. மீட்டரும் சுவரும் போதும், மற்றதில் உனக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொள். அடுத்த அத்தியாயத்துக்கு முன்னால் மூன்று தளத்தின் வரைபடத்தையும் அடி அங்குலத்தோடு போட்டு, டக்ட் எங்கே வருகிறது என்று குறித்து அனுப்பு. எட்டாம் நம்பர் வாசல் இரண்டாம் அத்தியாயத்தில் கிழக்கே பார்க்கிறது, ஐந்தாம் அத்தியாயத்தில் வடக்கே பார்க்கிறது.

அன்புடன்,
அண்ணன்