சென்சரை மாற்றுவதற்கு முன் ஒரு வார்த்தை

சுங்கை சிப்புட், மலேசியா,
ஞாயிறு இரவு.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. முட்டிவலி குறைந்து, பசியாறக் கடைவரை நடந்தே போகிறாய் என்று படித்ததும் மனசு நிம்மதியானது. இங்கே எல்லாரும் சுகம். தினமும் சாயங்காலம் மழை பிடித்துக்கொள்கிறது. நம் தோட்டத்து லய வீடுகள் இருந்த இடத்தில் செம்பனை ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்துவிட்டது. குழாயடி எங்கே இருந்தது என்றுகூட அடையாளம் தெரியவில்லை. அந்தக் கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இப்போது உன் கார் விஷயம். பின்னால் எடுக்கும்போது ஏதாவது குறுக்கே இருந்தால் கத்த வேண்டிய ரிவர்ஸ் சென்சர் சில நாள் சும்மா சும்மா கத்துகிறது, சில நாள் சும்மா இருக்கிறது, பின் பம்பரில் இருக்கும் நாலையும் மாற்றப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். கொஞ்சம் பொறு. நானும் இதே தொல்லையை மூன்று மாதம் பட்டவன். நடந்ததைச் சொல்கிறேன், அப்புறம் நீ முடிவு செய்.

முதலில் நான் செய்த தப்பு. சும்மா சும்மா கத்துகிறதே என்று எரிச்சலில் பட்டனை அமுக்கிச் சத்தத்தை அணைத்து வைத்தேன். ஒரு சனிக்கிழமை காலை காரைப் பின்னால் கோஸ்தான் எடுக்கிறேன். வாசலிலிருந்து வீட்டுக்காரி போட்ட சத்தத்தில் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. இறங்கிப் போய்ப் பார்த்தால், பேத்தி பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உதிர்ந்த செம்பருத்தியைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். மூன்று வயது. எனக்குக் கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆனது. சென்சர் பம்பரில் ஏறக்குறைய முழங்கால் உயரத்தில் இருக்கிறது. தாழ உட்கார்ந்த பிள்ளையை அது தவறவிடவும் செய்யும். ஆனால் அணைத்து வைத்த சென்சருக்குப் பிள்ளையைக் கண்டு கத்தும் வாய்ப்புக்கூடக் கிடையாது. அன்றைக்கே இதைச் சரிசெய்துவிட்டுத்தான் மறுவேலை என்று உட்கார்ந்தேன்.

சென்சர் வௌவாலைப் போலத்தான் வேலை செய்கிறது. நம் காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பி, அது எதிலாவது பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கிறது. நம் காது நொடிக்கு 20,000 அதிர்வோடு நின்றுவிடும், இது 40,000க்கும் மேலே போகும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும். ஒரு மீட்டர் தள்ளி ஒரு சுவர் இருந்தால், போய்த் திரும்ப நொடியின் ஆயிரத்தில் ஆறு பங்கு நேரம்தான் ஆகும். ஒலியை எழுப்புவது சென்சர் முகத்தில் இருக்கும் மெல்லிய தகடு. அதன்மேல் மழைத்துளியோ சேறோ ஒட்டினால், அதிர்வு அடங்க வேண்டிய நேரத்தில் அடங்காமல் நீளும். கருவி அதையே எதிரொலி என்று நினைத்து, ஏதோ மிக அருகில் இருக்கிறது என்று கத்துகிறது. செம்பனைக் குலை ஏற்றிய லாரி பக்கத்தில் நின்று 'புஸ்'ஸென்று காற்றுப்பிரேக் விட்டாலும் இதே கதைதான். அந்தச் சீறலில் நம் காதுக்குக் கேட்காத ஒலியும் கலந்திருக்கிறது.

நம் தோட்டத்துச் செம்மண் சடக்கில் ஓடும் வண்டி, கேட்க வேண்டுமா? ஈரத்துணியால் நாலு முகத்தையும் துடைத்தேன். பாதித் தொல்லை அன்றே போனது.

மீதிப் பாதிதான் என்னை அலைக்கழித்தது. கத்துவதில் இரண்டு விதம் இருப்பது அப்போதுதான் புரிந்தது. வேகவேகமாக 'பிப் பிப்' என்றால், பின்னால் ஏதோ இருக்கிறது என்கிறது. என் காரில் ரிவர்ஸ் போட்ட உடனே மூன்று நொடி நீளமாக ஒரே சத்தம் வந்து, அப்புறம் மௌனமாகிவிட்டால், கருவி தன் கோளாறையே சொல்கிறது. இது வண்டிக்கு வண்டி மாறும், உன் கார் புத்தகத்தைப் புரட்டிப் பார். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதால்தான் எனக்கு இத்தனை நாள் பிடித்தது.

அந்த நீளச் சத்தம் வொர்க்‌ஷாப்புக்குப் போனால் மட்டும் வராது. இரண்டு முறை போனேன், இரண்டு முறையும் நல்ல பிள்ளையாக இருந்தது. ஒன்றுமில்லை அண்ணே என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தினமும் குறித்து வைத்தேன்: எத்தனை மணி, முந்தின ராத்திரி மழையா, எந்தச் சத்தம். 14 நாளில் 9 நாள் கத்தியது. ஒன்பதும் மழைக்கு அப்புறம், இல்லை பனி காயாத காலை நேரம். நான் வொர்க்‌ஷாப்புக்குப் போனதெல்லாம் உச்சி வெயிலில்!

அப்பா ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகும்போது முதலில் மரப்பட்டையைத் தொட்டுப் பார்ப்பாரே, ஞாபகம் இருக்கிறதா? பட்டை ஈரமாக இருந்தால் கத்தி வைக்க மாட்டார், பால் வெட்டுக்கோட்டில் நிற்காமல் வழிந்துவிடும் என்பார். அவர் நினைப்புதான் வந்தது. ஈரம் எங்கே இறங்குகிறது என்று தேட ஆரம்பித்தேன்.

நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பு, ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்துவிடு, ரிவர்ஸ் போடு. பின்னால் போய் ஒவ்வொரு சென்சர் முகத்திலும் விரல் நுனியை வை. உயிருள்ளது மெல்லத் துடிக்கும், காதைக் கிட்டே கொண்டுபோனால் 'டிக் டிக்' என்று லேசாகக் கேட்கும். என் காரில் இடதுகோடி மட்டும் துடிக்கவில்லை. ஆனால் அதை வைத்துச் சென்சர் செத்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. அந்தச் சென்சரைக் கழற்றிப் பக்கத்து இடத்தில் மாட்டி, பக்கத்தில் இருந்ததை இங்கே மாட்டினோம். கோளாறு சென்சரோடு நகர்ந்தால் சென்சரில்தான் பழுது, நகராமல் அதே மூலையில் நின்றால் வயரில் பழுது. என்னுடையது நகரவே இல்லை.

பம்பரை இறக்கியதும் தெரிந்துவிட்டது. வயரைச் சென்சரோடு சேர்க்கும் இடதுகோடிக் கனெக்டரை இழுத்தபோது உள்ளிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. அதன் மூன்று கம்பிப் பின்னில் ஒன்று, வருஷக்கணக்கில் துலக்காத செம்புக் குடம் மாதிரி பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. நகத்தால் சுரண்டினேன், அந்தப் பின்னில் பாதி ஒடிந்து கையோடு வந்தது. மற்ற மூன்று கனெக்டரிலும் சின்ன ரப்பர் வளையம் இருந்தது, இதில் இல்லை. போன வருஷம் பம்பருக்குச் சாயம் அடிக்கக் கழற்றியபோது யாரோ அதைத் திரும்பப் போடவில்லை. ஒரு வளையம், நண்பா! சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லை. அதற்காக நாலு சென்சர் வாங்கப் போனேன்.

கெட்ட பின்னை வெட்டிவிட்டுப் புதுசு பற்றவைத்து, ரப்பர் வளையம் போட்டு, கிரீஸ் தடவி மூடினோம். கூலியோடு 60 வெள்ளி செலவு. ஆறு வாரமாக மழையிலும் பனியிலும் அந்த நீளச் சத்தம் இல்லை. பட்டனை இனித் தொடுவதில்லை. காரை எடுப்பதற்கு முன் பின்பக்கம் ஒரு சுற்று நடந்துவிட்டு வருகிறேன், பேத்தி வீட்டுக்குள் இருந்தாலும்.

உன் காருக்கும் சாயம் அடித்தாய் அல்லவா, பொண்ணு கல்யாணத்துக்கு முன்? சென்சர் முகத்தில் சாயம் தடித்துப் படிந்திருந்தாலும் தொல்லை வரும், அதையும் பார். பம்பரை இறக்குவதானால் மருமகனைக் கூடவே வைத்துக்கொள், கொக்கிகள் சுலபத்தில் ஒடியும், முட்டியை மடக்கி நீ தரையில் உட்காரவும் கூடாது. மழை பெய்த மறுநாள், வெயில் ஏறுவதற்கு முன் விரல் வைத்துப் பார். எந்த மூலை துடிக்கவில்லை என்று உடனே எழுது.

அன்புடன்,
உன் தோட்டத்துப் பள்ளித் தோழன்