செயலாளரின்ர ஆண்டறிக்கை: கோச்சிப் பாதையும் அதின்ர செலவும்

தலைவர், பொருளாளர், நிர்வாகசபை, வந்திருக்கிற அங்கத்தவர்கள் எல்லாருக்கும் வணக்கம். கூட்டங்கள் வழமைபோல நடந்தது, கணக்கைப் பொருளாளர் வாசிப்பார், அதால நான் இந்த வருசம் எங்களுக்குள்ள கூடக் கதைபட்ட விசயத்துக்கு நேரா வாறன். மாங்குளத்தில இருந்து முல்லைத்தீவுக்கு கோச்சிப் பாதை, அதாவது ரயில் பாதை, கேக்கிறதோ விடுறதோ எண்டதுதான் அது.

கேக்கிற ஆக்களில பிழையில்லை, முல்லைத்தீவுச் சனத்துக்கு எங்கட மாங்குளம் ஸ்டேசன்தான் கிட்ட, ஆனா காசையும் பாக்கவேணும். ஓமந்தை-பளை 90 கிலோமீற்றரையும் இந்தியக் கடனில இர்கோன் எண்ட இந்திய அரசாங்க ரயில்பாதைக் கம்பனி திருப்பிப் போட கிட்டத்தட்ட 185 மில்லியன் டொலர் முடிஞ்சது, அப்ப கிலோமீற்றருக்கு 2 மில்லியன். அதுகூட பழைய பாதை, தண்டவாளம் போடுற மண் அணை கிடந்தது, தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் சண்டைக்காலத்தில பங்கர் கட்டப் போனதால முழுக்கப் புதுசு வேணும், மிதிவெடி எடுத்துத்தான் வேலையே தொடங்கினது. முல்லைத்தீவுக்கு கிட்டத்தட்ட 50 கிலோமீற்றர், அணையும் இல்லை, காணியும் எடுக்கவேணும், காடும் வெட்டவேணும். அந்தப் பழைய விலைக்கே 100 மில்லியன் டொலர் வருது, இண்டைக்கு அதுக்கும் மேலதான் போகும்.

மாகோ-ஓமந்தை 128 கிலோமீற்றரையும் திருத்த 91 மில்லியன் டொலர்தான், ஓடிக்கொண்டிருந்த பாதை எண்டபடியா கிலோமீற்றருக்கு மூண்டில ஒரு பங்கு செலவு. அதுக்கும் நாங்கள் குடுத்த விலை வேற, 2023 ஜனவரியில அநுராதபுரத்துக்கு இங்கால கோச்சியை நிப்பாட்டி யூலையிலதான் திரும்ப விட்டவை, மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு கிளினிக் போற நோயாளிகள் அந்த மாதங்கள் பஸ்ஸில பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும்.

கடன் எங்கட தலையிலயும்தான் இருக்கு, அப்ப போட்ட பாதையால முழுப் பலன் எடுக்கிறதுதான் முதல் வேலை எண்டது என்ர முடிவான எண்ணம், நிர்வாகசபையும் கனக்கக் கதைச்சு அதுக்கு ஒத்துக்கொண்டது. இரவுக் கோச்சியில வந்து இருட்டோட இறங்கிற ஒரு அம்மா, கையில கிளினிக் கொப்பி, தோளில நித்திரையான பிள்ளை, முல்லைத்தீவு பஸ் வரும்வரைக்கும் வாங்கில குந்திக்கொண்டிருக்கிறா. கோச்சி நேரத்துக்கு ஒரு பஸ்ஸைத் திருப்பிவிட மில்லியன் தேவையில்லை. ரெண்டு அலுவலகத்துக்கு கடிதம் குடுத்தனாங்கள், ஒண்டு தங்கட பிரிவில்லை எண்டு மற்றதுக்கு அனுப்பினது, மற்றது இன்னும் பதில் தரேல்லை, நாங்கள் விடப்போறதும் இல்லை.

றோட்டு பாதையைக் கடக்கிற கோச்சிக் கடவைகளும் அப்பிடித்தான். மணியும் லைட்டும் பழுதானா கொடியோட நிக்கிற மனுசன்தான் காவல், அவையள் பொலிசுக்குக் கீழ நாளுக்கு 250 ரூபாக்கு வேலை செய்த காலம் இருந்தது, உயிரைக் காக்கிற வேலைக்கு அதெல்லாம் ஒரு சம்பளமே? நிரந்தர நியமனம் கேட்டு அடுத்த கடிதம் போகுது, கையெழுத்து வைக்காத ஆக்கள் போகமுதல் வைச்சிட்டுப் போங்கோ.

முல்லைத்தீவுப் பாதைக் கோரிக்கை எங்கட பதிவில அப்பிடியே இருக்கும், அதை ஆரும் வெட்டேல்லை. இப்ப கோச்சியால இறங்கி பஸ் எடுக்கிற ஆக்கள், இறங்கின நேரத்தையும் பஸ் வந்த நேரத்தையும் ஒரு துண்டில எழுதி அடுத்த கூட்டத்துக்கு முதல் எங்கட கையில தாங்கோ, பஸ் நேரம் கேக்கப் போகேக்க அது கட்டாயம் வேணும்.