நடக்கிறதுக்கு முந்தி காலைப் பார்

காரைக்குடி
மார்கழி 18

அன்புள்ள செந்திலுக்கு,

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கப்போவதாக நீ நேர்ந்துகொண்டதை அம்மா சொன்னாள். போகாதே என்று சொல்ல மாட்டேன், சொன்னாலும் கேட்கிற ஆள் இல்லை நீ. ஆனால் போன வருஷம் உனக்கும் சர்க்கரை வந்துவிட்டது. என் வலது காலில் நாலு விரல்தான் என்பது உனக்குத் தெரியும். மிச்ச ஒரு விரல் போன கதையை முழுசாகச் சொன்னதில்லை. வெட்கம்தான், வேறென்ன.

அந்த வருஷம் குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் என்று வெறுங்காலில் நடந்தோம். திண்டுக்கல் நெருங்குவதற்குள் கூட வந்தவர்களுக்கெல்லாம் கொப்புளம், ஆளாளுக்கு நொண்டினார்கள். எனக்கு ஒன்றுமே இல்லை. மத்தியான வெயிலில் தார் ரோட்டில் ஜம்மென்று நடந்தேன். "எனக்கு மட்டும் முருகன் செருப்பு மாட்டி அனுப்பியிருக்கான்" என்று பெருமை வேறு. பத்து வருஷச் சர்க்கரையில் பாதத்து நரம்பு செத்துக் கிடந்தது. அதுதான் அந்தச் செருப்பு.

வீடு திரும்பி நாலாம் நாள் காலையில் முற்றம் கூட்டிக்கொண்டிருந்த அம்மா, "ஏங்க, ஈரக்காலோட நடந்தீங்களா?" என்றாள். சிமெண்டுத் தரையில் என் தடம் போன வழியெல்லாம் ஒரே ஒரு விரல் பட்ட இடம் மட்டும் ஈரம். நான் அன்றைக்கு இன்னும் குளிக்கவே இல்லை. காலைத் தூக்கிப் பார்த்தால் இரண்டாம் விரலுக்கடியில் கொப்புளம் உடைந்து, உள்ளே ஒரு கல்துணுக்கு. வாடையும் வந்தது. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் கட்டுப்போட்டு, ஐந்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். பிரித்தபோது விரல் கறுத்திருந்தது, சிவப்பு புறங்காலுக்கு ஏறியிருந்தது, குளிர்காய்ச்சல் தூக்கிப்போட்டது.

மதுரையில் அன்று ராத்திரியே விரலை எடுத்தார்கள். "ஊசி போட்டு ஆற்ற முடியாதா?" என்று அம்மா கேட்டாள். "ரத்தம் போகாத சதைக்கு மருந்து எப்படிம்மா போகும்? செத்ததை எடுத்தால்தான் மிச்சம் பிழைக்கும்" என்றார் டாக்டர். பாதத்துக்கு ரத்தம் ஒழுங்காகப் போனதால் விரலோடு நின்றது. ரத்தக் குழாயும் அடைத்திருந்தால் முழங்கால் வரை போயிருக்குமாம். சிகரெட் அந்தக் குழாயைத்தான் அடைக்கும். அதனால்தான் கேட்கிறேன், அந்த சிகரெட்டை விட்டாயா இல்லையா?

பால் பிராண்ட் என்ற டாக்டரைப் பற்றி அங்கேதான் கேள்விப்பட்டேன். 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்காரர், வேலூரில் தொழுநோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தவர். அவர்களுடைய விரல் தானாக உதிரவில்லை, வலி தெரியாததால் சுட்டும் வெட்டியும் புண்ணாகிப் போகிறது என்று காட்டினார். சர்க்கரைக்காரன் காலுக்கும் அதே கணக்குதான்.

கிளம்புமுன் டாக்டரிடம் பாதத்தைக் காட்டு. 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டு அழுத்தி, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தெரியவில்லை என்றால் வெறுங்கால் கிடையாது, எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்புப் போட்டு நட, நான் முருகனிடம் பேசிக்கொள்கிறேன். ரண ஜன்னி வராமலிருக்கப் போடுகிற டி.டி. ஊசி போட்டு நாளாகியிருந்தால் அதையும் கேள். வழியில் தொண்டு செய்கிற பிள்ளைகள் அன்பாக வெந்நீரில் காலை வை என்பார்கள், வைக்காதே. சூடு உனக்குத் தெரியாது, தோல் வெந்துவிடும். கொப்புளத்தைக் குத்தாதே. உடைந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, சுத்தமான காஸ் துணி வைத்து ஒட்டு. மஞ்சள், காப்பித்தூள், காலாணி பிளாஸ்திரி எதுவும் வேண்டாம். விரதம் என்று மாத்திரையை நீயாக நிறுத்தாதே.

விரல் நீலம் பாய்ந்தாலோ ஜில்லிட்டாலோ, சிவப்பு பரவினாலோ, வாடை வந்தாலோ, காய்ச்சலடித்தாலோ அத்தோடு நடை முடிந்தது. 108ஐக் கூப்பிட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போ. தோலை அழுத்தினால் உள்ளே நறநறவென்று காற்று நகர்கிற மாதிரி இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

ஒரு கைக்கண்ணாடி பார்சலில் வருகிறது. ராத்திரி தங்குகிற இடத்தில் அடிப்பாதத்தையும் விரலிடுக்கையும் அதில் பார்த்துவிட்டு, ஒரு படம் எடுத்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்பு. உன் முகம் வேண்டாம், கால் போதும்.

அப்பா