ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கு அம்மா எழுதுவது

நீடாமங்கலம்
ஞாயிறு மதியம்

அன்புள்ள பாப்பா,

போனில் கேட்டால் ‘ம்’, ‘சரிம்மா’, ‘வைக்கிறேன்’, அவ்வளவுதான் வருகிறது. வாட்ஸ்அப்பில் நீலக்குறி விழுகிறது, பதில் விழுவதில்லை. அதனால் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது பார்.

அப்பா நலம். குறுவை நெல் இன்னும் கொள்முதல் நிலையத்து வாசலில்தான் குவிந்து கிடக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று சொல்லி நாளைக்கு வா, நாளைக்கு வா என்கிறார்கள். ராத்திரியானால் தார்ப்பாயைப் போர்த்திவிட்டு அங்கேயே படுத்துக்கொள்கிறார். சம்பா நடவு பாதி ஆகியிருக்கிறது. சரி, அதை விடு.

ஆயுத பூஜை லீவில் வந்தபோது, அரிசி களைந்துகொண்டே ஒன்று சொன்னாய். ‘ஒரு பிள்ளையை எப்படிப் படிக்க வைக்கிறதுன்னு எனக்கே தெரியலைம்மா.’ சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றிவிட்டாய். அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்புதான்.

தெரியாமல் போனதற்கு நீ என்ன செய்வாய்? ஆசிரியர் தகுதித் தேர்வில் 150 கேள்வி. குழந்தை மேம்பாடு 30, தமிழ் 30, ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் எல்லாம் 30, 30. குழந்தை உளவியலில் பியாஜே என்கிற அறிஞர் சொன்னதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நீ ஒப்பிப்பாய். ‘கொடி’யைக் ‘கெரடி’ என்று படிக்கிற பிள்ளையிடம் என்ன பேசுவது என்று யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? பட்டயப் படிப்பில் கற்பித்தல் பயிற்சிக்குப் போனபோது ராத்திரி 12 மணி வரைக்கும் சார்ட்டில் கலர் பேப்பர் ஒட்டிக்கொண்டிருந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? பார்க்க வந்தவர்கள் சார்ட்டைப் பார்த்தார்கள். பிள்ளை படிக்கிறதா என்று குனிந்து பார்க்கவில்லை.

அந்தக் ‘கெரடி’யைக் கொஞ்சம் கவனி. முன்னால் ஒரு கொம்பு, நடுவில் க, பின்னால் ஒரு கால். காலும் ர-வும் அச்சில் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. கொம்பையும் க-வையும் சேர்த்துக் ‘கெ’ என்கிறது, காலை ‘ர’ என்கிறது, அப்புறம் ‘டி’. தனக்குத் தெரிந்த எழுத்தை வைத்து ஒழுங்காகத்தான் கூட்டியிருக்கிறது. அதைப் போய் அதட்டினால் அடுத்த முறை கூட்டாது, உன் முகத்தைப் பார்த்து ஊகிக்கும். விரலால் காலை மறைத்துக் ‘கெ’ காட்டு, விரலை எடுத்துக் ‘கொ’ காட்டு. கொ, பொ, தொ, மொ. அவசரப்படாதே. அது ஒன்று பிடிபட்டால் போதும், பிள்ளை தானே சிரிக்கும். அதைப் பார்த்தால் உனக்கும் பயம் போய்விடும்.

இன்னொரு ரகம் இருக்கிறது. பக்கம் முழுவதும் கடகடவென்று சொல்வான். நீயும் நிம்மதியாக இருப்பாய். அவன் விரலைப் பார். விரல் ஒரு சொல்லில் இருக்கும், வாய் அதற்கு அடுத்த சொல்லில் இருக்கும். அத்தனையும் மனப்பாடம். படத்தைக் கையால் மூடிவிட்டு, வரியின் கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல் வரைக்கும் ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் படித்து வரச் சொல். உடனே தெரிந்துவிடும்.

உன் தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் இது போதாதுதான். பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் என்றாய். மரத்தின் படத்தைக் காட்டினால் ‘செட்டு’ என்கிற பிள்ளைக்கு ‘ம’ எங்கிருந்து வரும்? முதலில் தமிழ் வாயில் புழங்கட்டும். கதை சொல், பாட்டுப் பாடு, உன்னோடு வாயாட விடு. எழுத்து அதற்குப் பிறகு. தலைமை ஆசிரியர் கோபித்தால் கோபித்துக்கொள்ளட்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெரிய டீச்சர் என்னைப் பாடம் நடத்தவே விடவில்லை. பின் வரிசையில் ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார வைத்து, ‘காதைக் கொடு, எங்கே தடுக்குதுன்னு எழுது, அவ்வளவுதான்’ என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. (அதோடு வேறொரு கூத்து. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்துவிட்டது. என் கையோ பள்ளியில் பழகிய துதிக்கை போட்ட லை, னையைத்தான் எழுதும். சாக்பீஸைத் தொடவே கூச்சம்.) ஆனால் அந்தப் பின் வரிசையில் கற்றதுதான் கடைசி வரை சோறு போட்டது. செயல்வழிக் கற்றல் வந்தது, பாட அட்டையும் அதன் படிகளைக் காட்டும் ஏணிப் படமுமாக வகுப்பே தரையில் உட்கார்ந்தது. 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்றாகப் பிரித்தார்கள். எல்லாம் நல்லதுதான், நான் குறை சொல்லமாட்டேன். பிள்ளை அரும்பில் இருக்கிறது என்று பதிவேடு சொல்லும். ஏன் அரும்பிலேயே நிற்கிறது என்பது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். புதிதாக வருகிறவர்களை அப்படி உட்கார வைக்க இப்போது ஆள் இல்லை. நேராகச் சாக்பீஸைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். உனக்கு நடந்ததும் அதுதான், உன் தகுதிக் குறைவு ஒன்றும் இல்லை.

போன வாரம் உன் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. நான் பிரிக்கவில்லை. மேலேயே ‘குரூப் 2’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. பீரோ மேல் வைத்திருக்கிறேன். பத்திரப்பதிவு, வருவாய்த்துறை எல்லாம் கௌரவமான வேலைதான், நான் ஒன்றும் சொல்லவில்லை. உன் அப்பாவிடமும் சொல்லவில்லை. உனக்கு ஆர்டர் வந்த அன்று அவர் தெருவுக்கே அசோகா அல்வா வாங்கிக் கொடுத்தார். ‘எங்க அம்மா கைநாட்டு, என் மக எழுத்தறிவிக்கிற டீச்சர்’ என்று மூணாறு தலைப்பு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீ. முப்பது பிள்ளைகளை ஒரே நாளில் படிக்க வைக்க வேண்டாம் பாப்பா. ஒரு பிள்ளை, ஒரு பத்து நிமிஷம், எங்கே தடுக்குகிறது என்று கேள். கடைசிச் சொல்லிலிருந்து படிக்கச் சொல். முன்னேயே சொல்லிவிட்டேன், இருந்தாலும் சொல்கிறேன்.

தீபாவளிக்கு வருகிறாயா என்று கேட்டால் அதற்கும் ‘ம்’. சரி, நடவு முடிந்ததும் நானே வருகிறேன். ஒரு வாரம் இருப்பேன். ஓய்வு பெற்ற டீச்சர் ஒருத்தி வகுப்பில் பின்னால் உட்காருவாள், வாயைத் திறக்கமாட்டாள் என்று தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்டு வை. இட்லி அரிசியும் வடகமும் கொண்டு வருகிறேன். அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதா? எனக்கு ஒரு கம்பளி வாங்கி வை. பார்சலைக் கொண்டு வரவா வேண்டாமா, அதை மட்டும் எழுது.

அம்மா